சத்தமில்லாத சக்கரம்

அவைத் தலைமையை அழகு செய்யும் கடை உரிமையாளர் அவர்களே, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று உறுதி பூண்டு வந்திருக்கும் பெரியோர்களே, டிராலியைத் தள்ளித் தள்ளியே இந்தக் கடையைத் தாங்கிய தாய்மார்களே, உடன் உழைத்த தோழர்களே, வணக்கம்!

இருபது ஆண்டுகளுக்கு முன், இதே கட்டடத்தில், அறுவர் கொண்ட நிர்வாகக் குழு மூன்று மணி நேரம் விவாதித்து, இருமுறை தேநீர் அருந்தி, வரலாறு காணாத முடிவொன்றை ஒருமனதாக எடுத்தது. டிராலிகள் இனி கடகடக்கக் கூடாது! வரிப்பள்ளம் வெட்டிய சக்கரங்களைக் கழற்றி, வழவழப்பான ரப்பர் சக்கரங்களை மாட்ட வேண்டும்! அந்த அறுவரில் அடியேனும் ஒருவன். கை தட்டாதீர்கள் ஐயா. அன்று நான் கை தூக்கியதே போதும்.

மாட்ட வேண்டியவர் யார்? டிராலிகளைப் பழுதுபார்ப்பவர், இன்றைய விழாவின் நாயகி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் சக்கர அக்கா. வீட்டில் படுத்த படுக்கையாய்க் கணவர். பள்ளியில் இரண்டு பெண்கள். நால்வருக்கும் சோறு போட்டது இவர் கையிலிருந்த ஸ்பேனர்.

"மாட்ட மாட்டேன் சார்," என்றார்.

"ஏம்மா?" என்றார் மேலாளர்.

"அந்தப் பள்ளம் அழகுக்கா வெட்டியிருக்கு? மாடிக்குப் போற நகரும் பாதையிலயும் வரிவரியா பள்ளம் இருக்குல்ல? ஏறினதும் சக்கரம் அதுக்குள்ள எறங்கிடும். பக்கத்துல இருக்கிற ரப்பர் கட்டை பாதை மேல உக்காந்துக்கும். அப்புறம் நீங்க கையை விட்டாலும் டிராலி அசையாது. மேல போனதும் சீப்பு மாதிரி தகடு சக்கரத்தைத் தூக்கி விட்டுடும்."

"நாளைக்குக் காலையில புதுச் சக்கரம் இருக்கணும். இல்லேன்னா நாளன்னிக்கு நீ இருக்க மாட்டே."

மறுநாள், கடை திறக்குமுன் அக்கா எங்களை அழைத்தார். ஒரே ஒரு டிராலிக்குப் புதுச் சக்கரம். அதில் இரண்டு டஜன் தண்ணீர் பாட்டில்.

"ஏறுங்க சார். பாதி வழியில கையை விடுங்க."

விட்டார். டிராலி மேலே போயிற்றா? இல்லை. நின்றதா? அதுவும் இல்லை. மேலாளரை அணைத்துக்கொண்டு பின்னோக்கி வந்தது! பாதை மேலே ஓட, அவர் கீழே ஓட, இருவரும் சோப்புப் பெட்டிக் கோபுரத்தில் போய் அமர்ந்தார்கள். அவருக்குக் காயமில்லை, கால்சட்டைக்குத்தான் கிழிசல்.

அக்கா குனிந்து, பணிவாகக் கேட்டார்: "சத்தம் வந்துச்சா சார்?"

தாய்மார்களே! ஒரு கையில் குழந்தை, மறு கையில் பட்டியல் என்று மாடிக்குப் போகிறீர்களே, டிராலியைப் பிடித்திருப்பது யார் என்று எண்ணியதுண்டா? அது பள்ளத்தின் பிடி! கட்டையின் பிடி! "மாட்ட மாட்டேன்" என்ற ஒரு பெண்ணின் பிடி! இன்றும் அந்தக் கடகடப்புக் கேட்டால் அந்தக் காலையின் சோப்பு மணம் எனக்கு வந்துவிடுகிறது. கூடவே என் முப்பது வயதும்.

என்ன அக்கா? "போதும், உக்காருங்க தம்பி" என்கிறார். உத்தரவு.

பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும், பொறுத்திருந்து உழைத்த ஒலிபெருக்கிக்கும் நன்றி, அனைவருக்கும் வணக்கம். தகவலுக்காக ஒன்று: அன்று பிற்பகல் குழு மீண்டும் கூடியது. அதிலிருந்து இன்றுவரை, சக்கரம் வாங்கும் எந்தத் தாளும் அக்காவின் கையெழுத்தில்லாமல் செல்லாது.