பாலத்தில் வரும் பாட்டு

பூவரசன்: எத்தன பஸ்ஸு போச்சு அக்கா! எல்லாத்தையும் விட்டுட்டு எங்க வண்டிக்குத்தான் நிக்கிறீங்க. ஓனருக்குத் தெரிஞ்சா பொன்னாடை போத்துவாரு.

மலர்க்கொடி: டிக்கெட்டக் குடுப்பா. ஸ்ரீரங்கம் ஒண்ணு.

பூவரசன்: கோயிலுக்குன்னு சொல்றீங்க. இதே வண்டியில சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பிடுறீங்க. கையில பூவும் இல்ல, பிரசாதமும் இல்ல...

மலர்க்கொடி: பெருமாள் உன்ன விசாரிக்கச் சொன்னாரா?

பூவரசன்: இல்லக்கா... பொழுது போகாமக் கேட்டேன்.

மலர்க்கொடி: கண்டக்டருக்குப் பொழுது போகலையா? பின்னாடி அந்தம்மா சில்லறைக்குக் கத்துது பாரு.

பூவரசன்: குடுத்துடலாம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்... நாளையிலேருந்து வண்டியில இந்தப் பாட்டெல்லாம் கெடையாது.

மலர்க்கொடி: ...என்னது?

பூவரசன்: டிவி மாட்டுறாங்க. ஓனர் பையன் போடுறதுதான் இனிமே. இந்தப் பென் டிரைவ் பழைய டிரைவர் அழகிரி அண்ணனோடது.

மலர்க்கொடி: நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்? யாராச்சும் குறை சொன்னாங்களா?

பூவரசன்: புது டிரைவர் நல்லதம்பிக்குத் தூக்கம் வருதாம்.

மலர்க்கொடி: தூக்கம் வருதாமா! அவருக்கு... அந்த டிரைவருக்கு ஒருநாளாச்சும் வந்துச்சா?

பூவரசன்: அடேயப்பா, கோவத்தப் பாரு! அண்ணன் எல்லாத்தையும் அளந்து வெச்சிருப்பாரு தெரியுமா? அண்ணா சிலை தாண்டுறப்போ ரெண்டாவது பாட்டு முடியும். காவிரிப் பாலத்துல டயர் ஏறவும் அந்தப் புல்லாங்குழல் பாட்டு ஆரம்பிக்கும்.

மலர்க்கொடி: சிக்னல் விழுந்துட்டா ரெண்டாவதையே திருப்பிப் போடுவாரு.

பூவரசன்: அது எப்படிக்கா உங்களுக்கு...

மலர்க்கொடி: பஸ்ல வர்றவங்களுக்குக் காது இல்லையா?

பூவரசன்: சரி, சரி. வேணும்னா பென் டிரைவ நீங்களே எடுத்துக்குங்க. வீட்டுல போட்டுக் கேக்கலாம்.

மலர்க்கொடி: வேண்டாம்ப்பா. எல்லாம் போன்லயே இருக்கு.

பூவரசன்: அப்புறம் என்ன?

மலர்க்கொடி: வீட்டுல அது வெறும் பாட்டாத்தான் இருக்கு. ஆத்துக் காத்து வராது. நான் கேக்குறேனான்னு கண்ணாடியில யாரும் திரும்பத் திரும்பப் பாக்க மாட்டாங்க...

பூவரசன்: யாரு பாப்பாங்க?

மலர்க்கொடி: ...சும்மா சொன்னேன்.

பூவரசன்: ம்...

மலர்க்கொடி: தம்பி... அந்த ஒரே ஒரு பாட்ட மட்டும் விட்டுவெக்கச் சொல்லி ஓனர்கிட்ட கேக்க முடியாதா? நான் கேட்டேன்னு சொல்லாத. யாரோ ஒரு பொம்பள கேட்டான்னு சொல்லு.

பூவரசன்: கேட்டாச்சு. முடியாதுன்னுட்டாரு.

மலர்க்கொடி: நீயா? நீ எதுக்குக் கேட்ட? உனக்கு அது அவ்வளவு பிடிக்குமா?

பூவரசன்: பிடிக்கிறதாவது! கேட்டாலே எனக்கு நெஞ்ச அடைக்குது. அண்ணன் தவறிப்போன மறு வாரமே இதக் கழட்டச் சொல்லிட்டாங்க. நீங்க ஏறுற ட்ரிப்புக்கு மட்டும் நான்தான் சொருகி விட்டுட்டிருக்கேன். அன்னைக்கு மாலையோட உங்க வீட்டுக்கு வந்தேன்... நீங்க யாரையும் நிமிந்து பாக்கல. நீங்க யாருன்னு தெரியும்னு சொல்லிட்டா அப்புறம் ஏற மாட்டீங்கன்னுதான் இத்தன நாள் வாயத் தெறக்கல. ஜன்னலத் தள்ளி விட்டுக்குங்க. இன்னைக்குப் பாலத்துல மெதுவாப் போகச் சொல்லியிருக்கேன், அண்ணி.