அப்போதிக்கரியின் காரும் ஆடியமாவாசைத் தீர்த்தமும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய போர்மன் ஸெய்னுதீன் நானா அவர்களே!

எங்கள் எல்லோருக்கும் அண்ணனாகிய நானாவே! கிண்ணியா மண் ஈன்ற கீர்த்தியே! கரி படிந்த கையும் கறை படியாக் கருத்தும் கொண்ட காரியச் செம்மலே! இயந்திரத்தின் இருமலைக் கேட்டே இன்ன நோயென்று இயம்பும், பட்டம் பெறாத வைத்தியரே! வெள்ளைக்காரக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டு மூட்டை கட்டிய காலத்தில் எங்கள் கடலோரக் கூட்டுறவு மோட்டார் வேலைத்தளத்துக்கு வந்து, வந்த கார்களையெல்லாம் ஓடவைத்து, இன்று ஓய்வு பெறும் உங்களை நாங்களே வழியனுப்பும்படி ஆகிவிட்டதே! இதை மகிழ்ச்சி என்பதா, துக்கம் என்பதா? இரண்டும்தான்.

உங்கள் நேர்மை, நிதானம், நாவடக்கம், நகைச்சுவை என்று நாங்கள் அடுக்கிக்கொண்டு போனால், "காணும், போதும்" என்று நீங்களே எழும்பிவிடுவீர்கள். ஆகையால் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம். அதில் அதிகம் வேர்த்தவர் நீங்களல்லர், முருகேசு.

அறுபத்தொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம். சல்லிக் கிராமத்திலிருந்து வந்த முருகேசு அப்போது தற்காலிக ஊழியர். வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் பெண்சாதி தங்கேஸ்வரி கோயிலுக்கு நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைத்திருந்த நேரம். கட்டைபறிச்சானுக்குக் கிழமைக்கொருமுறை மருந்து கொடுக்கப் போகும் அப்போதிக்கரி பாலசிங்கம் ஐயாவின் பழைய கறுப்புக் கார் முருகேசுவின் கையில் வந்து அகப்பட்டது. அக்கரைக்குக் கடக்கும் கிண்ணியாத் துறையடிக்குப் போனதும் இஞ்சின் மிஸ் பண்ணும், குலுங்கும், நின்றுவிடும். முருகேசு பிளக்குகளை மாற்றினார், காபரேட்டரைக் கழுவினார். வேலைத்தளத்தில் பூனைபோல் உறுமிய கார், விடியற்புறம் துறையடியில் மறுபடியும் நின்றது. அக்கரையில் காய்ச்சல்காரர்கள் மருந்தில்லாமல் திரும்பிப் போனார்கள்.

பட்ட காலிலே படும் என்பார்களே! இரண்டாம் முறையும் கார் இழுபட்டு வந்தபோது, மனேஜர் குணரத்தினம் ஐயா எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "முருகேசு, இனியொருக்கா இந்தக் கார் திரும்பி வந்தா உமக்கு இங்க வேலை இல்லை, விளங்குதோ?" ஐயா இன்று மேடையில்தான் இருக்கிறார். கோபிக்க மாட்டார் என்ற துணிவில் சொல்கிறோம்.

மூன்றாம் முறையும் கார் வந்தது.

நீங்கள் முருகேசுவைத் திட்டவில்லை, தேற்றவுமில்லை. அப்போதிக்கரியிடம், "இங்க நல்லா ஓடுது, துறையடியில நிக்குது. அங்க என்ன வித்தியாசம் ஐயா?" என்று கேட்டீர்கள். "என்ன, விடியக்காலமை ஈரக்காத்துத்தான்" என்றார் அவர். உடனே நீங்கள் கேட்டது ஸ்பனரையல்ல, தேத்தண்ணிக் கேத்தலை! கொதிக்கும் கேத்தலின் ஆவியை, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினருகே பிடித்தீர்கள். சற்று நேரத்தில் கார் குலுங்கியது. கதவுகளைச் சாத்தச் சொன்னீர்கள். இருட்டில் பார்த்தால், நாலு பிளக்குக்கும் மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் மூடியின்மேல், போகவேண்டிய வழியை விட்டுவிட்டு நீலப்பொறி ஊர்ந்து திரிந்தது.

இஞ்சினை நிறுத்தி, மூடியில் விரலை வைத்து, விரலை நாக்கில் வைத்தீர்கள். "உப்புக் கரிக்குது. காய்ஞ்சிருக்கக்குள்ள ஒண்டுமில்ல, ஈரம் பட்டா பொறி வெளியால ஓடுது" என்றீர்கள்.

"துறையடியில கடல் தண்ணி தெறிச்சிருக்கும்" என்றார் மனேஜர்.

ஓம் என்று தலையாட்டியிருந்தால் முருகேசுவின் வேலை தப்பியிருக்கும். ஆனால் ஆடியமாவாசையன்று கடலில் தீர்த்தமாடியபோது போத்தலில் பிடித்துவந்த நீரை, இந்தக் காரிலிருந்தாவது என்னைக் காப்பாற்று கோணேசப்பெருமானே என்று, அனுப்பும் போதெல்லாம் இஞ்சினைத் திறந்து தெளித்தவர் அவர்தான். முதற்பழுது பழைய பிளக்கோடு போயிருந்தது, பிறகு காரை நிறுத்தியது தீர்த்தந்தான். கார் நிற்க நிற்கப் பக்தி கூடியது, பக்தி கூடக் கூடத் தீர்த்தமும் கூடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது.

"இல்லை ஐயா. நான்தான் தெளிச்சனான். தீர்த்தம்" என்றார் முருகேசு.

யாரும் சிரிக்கவில்லை. மனேஜர் சொன்ன சொல் எல்லோருடைய காதிலும் இருந்தது. அப்போதுதான் நானா, நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே வாய் திறந்தீர்கள்: "ஒவ்வொருதரமும் காரைப் பாத்து வெளியில விட்டது நான். மூடியில கை வைக்காதது என்ட பிழை. வேலையால நிப்பாட்டுறதெண்டா ரெண்டு பேரையும் நிப்பாட்டுங்க ஐயா."

மனேஜர் உங்களையும் பார்த்தார், முருகேசுவையும் பார்த்தார். "ரெண்டு பேரும் போனா நானோ ஸ்பனர் பிடிக்கிறது? துடைச்சுப் போட்டு அப்போதிக்கரியை அனுப்புங்கோ!" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனார். மூடி கழுவி உலர்த்தப்பட்டது. கார் போனது. மருந்தும் அக்கரை சேர்ந்தது.

அன்று பின்னேரம் முருகேசு அந்தப் போத்தலைக் கிணற்றடிக்கு எடுத்துக்கொண்டு போனார். தீர்த்தத்தை ஊற்றிவிடும் எண்ணம். பின்னால் வந்த நீங்கள் போத்தலை வாங்கி, மூடியை இறுக்கித் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"இத ஏன் ஊத்துறீங்க முருகேசு? கொண்டு போய்ப் பிள்ளையளுக்குத் தெளியுங்க. காருக்கு நான் இருக்கிறன்தானே."

நானா! இந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாங்கள் இத்தனை காலமும் நிம்மதியாக நித்திரை கொண்டோம். சாமிக்குரியதைச் சாமிக்கு விட்டு, மனிதருக்குரியதை உங்கள் தோளில் ஏற்றிக்கொண்டீர்கள். வேறொருவரின் தவறில் பாதியை வலியக் கேட்டு வாங்கும் மனம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? எங்களுக்கு உங்களைப் பிடிக்கும் நானா. இதை அலங்காரமாகச் சொல்ல ஏலாது.

நீங்களும் வாழ்க்கைத்துணை றுக்கியா அவர்களும் மக்கள் மருமக்கள் சூழ, முழங்கால் நோவும் மூச்சிரைப்பும் அண்டாமல், நிறைவோடு நெடுநாள் வாழ, உங்கள் அல்லாஹ்வையும் எங்கள் கோணேசரையும் ஒருசேர இரக்கிறோம். வேலைத்தளம் என்னாகுமோ என்ற கவலை வேண்டாம். தேத்தண்ணி குடிக்க மட்டும் வாருங்கள்.

நாளை தொடக்கம் போர்மன் முருகேசுதான். "இனிக் காருக்கு நான் இருக்கிறன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்று நேற்று அவரைப் பகிடி பண்ணினோம்.

"நானா இருக்கக்குள்ள நான் எப்பிடி அதைச் சொல்லுறது?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவ்வண்ணம்,
உங்களை அனுப்ப மனமில்லாமல் அனுப்பும்
கடலோரக் கூட்டுறவு மோட்டார் வேலைத்தள ஊழியர்கள்
திருகோணமலை, 1979 புரட்டாதி