மியாகே சானின் முட்டை

முட்டையில் தப்பு எதுவும் இல்லை சார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன், அவசரமில்லை.

என் பெயர் பிராங்க். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர், வீடு முகப்பேரில். வேலை விஷயமாகப் பதினோரு மாதம் ஒசாகாவில் இருந்திருக்கிறேன். ஜப்பானியம் பேசுவேன். இதை நான் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை. பேச்சு அந்தப் பக்கம் வந்தால் சொல்வேன். பேச்சு அடிக்கடி அந்தப் பக்கம் வரும்.

மியாகே சானின் கடை எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. சான் என்பது நாம் 'ஐயா' என்பது போல. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் ஒரு நீலத் துணி தொங்கும். எட்டு நாற்காலி. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலைகளில் வேலை பார்க்கும் ஜப்பானியப் பொறியாளர்கள் பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மெனு கார்டு என்று ஒன்றும் இல்லை. சோற்றைப் பிடித்து மேலே மீன் துண்டு போட்டு அவர் வைக்கிற சுஷியை, வைத்த உடனே சாப்பிட வேண்டும். மூன்று வாரம் முன்னதாகவே பதிவு செய்து, இரண்டு வருடத்தில் பதினான்கு முறை போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் என்னிடம் பேசியதில்லை. பெரிய கலைஞர்கள் அப்படித்தான். அந்த மௌனத்தை மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பால்ராஜ் என் மனைவி ஷாரனின் அண்ணன். பாடியில் லேத் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர். குறை சொல்ல அவரிடம் எதுவும் கிடையாது, அவரோடு பழகுவதில் இருந்த கஷ்டமே அதுதான். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அந்தக் கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஷாரன் பிடிவாதம் பிடித்தாள். காரிலேயே அவருக்குப் பாடம் எடுத்தேன். சத்தமாகப் பேசக்கூடாது. சோயா சாற்றில் சோறு படக்கூடாது. சாப்பிடுகிற குச்சிகளை ஒன்றோடொன்று தேய்க்கக்கூடாது.

"மாப்ள, சாப்டப் போறமா, பரீட்ச எழுதப் போறமா?" என்றார்.

முதல் துண்டு வந்ததும் அவர் குச்சியைத் தொடவே இல்லை. மூன்று விரலால் எடுத்தார், கவிழ்த்தார், மீன் பக்கத்தை மட்டும் சாற்றில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். சோறு உடைந்து விழுந்துவிடுமே என்று அவர் கைக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் நின்ற நிஷாவிடம், "இத்தினியூண்டு வெச்சிகினு கீறாரே, பசிக்கு எப்ப குடுப்பாரு?" என்று கேட்டார். அங்கே வேலை செய்யும் பெண் நிஷா. மியாகே சானுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது அவள்தான். அதையும் அப்படியே மொழிபெயர்த்துத் தொலைத்தாள்.

மியாகே சான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இரண்டு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. "இப்டித்தான் கையால சாப்பிடணும்னு சொல்றாரு. குச்சி வெளியாட்களுக்காம்" என்றாள் நிஷா. அப்போது என் கையில் குச்சி இருந்தது. கையால் சாப்பிடலாம் என்பது எனக்கும் தெரியும் சார், படித்திருக்கிறேன். குச்சி பழக நான்கு மாதம் ஆகியிருந்தது, அதை வீணாக்க மனம் வரவில்லை.

அன்றைக்கே பால்ராஜ் அங்கே மீன் வைத்திருக்கும் பெட்டியின் கண்ணாடிக் கதவு கிறீச்சிடுவதைச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த வாரம், பதிவு எதுவும் செய்யாமல், கிரீஸ் கறை படிந்த சட்டையோடு போய் உட்கார்ந்திருக்கிறார். சோறு போட்டு அனுப்பியிருக்கிறார் மியாகே சான். நிஷா இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். எனக்கு வலித்தது. ஒளிக்க என்ன இருக்கிறது, ரொம்பவே வலித்தது.

இப்போது முட்டைக்கு வருகிறேன். கடைசியாக ஒரு முட்டைத் துண்டு வரும். பார்க்க ஸ்பாஞ்சு கேக் போல மஞ்சளாக, மெத்தென்று இருக்கும். பழைய முறைப்படி செய்கிறவர்கள் அதில் இறாலை விழுதாக அரைத்துச் சேர்ப்பார்கள். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. ஒரு சுஷிக் கலைஞனின் தரத்தை அந்த முட்டையை வைத்துத்தான் எடை போடுவார்கள்.

பால்ராஜுக்கு இறால் ஆகாது. கொஞ்சம் அரிக்கும் என்கிற கணக்கில் இல்லை. ஆவடியில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இறால் தொக்கு பட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்துப்போனது. மருத்துவமனைக்குக் காரை ஓட்டியது நான்தான். அதனால் முதல் நாளே இதை நிஷாவிடம் சொல்லியிருந்தார். மியாகே சான் அவருக்கென்று தனிச் சட்டியில், இறால் சேர்க்காமல் முட்டை செய்து கொடுத்தார். தனிச் சட்டி சார். பதினான்கு முறை போன எனக்கு அந்தக் கடையில் எதுவும் தனியாகச் செய்யப்பட்டதில்லை.

தன் அக்காவின் நிச்சயதார்த்தம் என்று ஒரு சனிக்கிழமை நிஷா விடுப்பு எடுப்பதாகச் சொன்னாள். அதே சனிக்கிழமை மதியத்துக்கு இரண்டு இடம் பதிவு செய்தேன். தற்செயல் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தற்செயல் இல்லை.

பால்ராஜ் எப்போதும் ஒரு ரெக்ஸின் பையோடு வருவார், இறால் பட்டால் போட்டுக்கொள்ளும் மாத்திரை அதில்தான் இருக்கும். பையோடு உள்ளே போவது மரியாதையில்லை என்று காரிலேயே வைக்கச் சொன்னேன். கடை வாசலில் நிறுத்தினால் அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல், அதனால் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தேன். நான் விதிகளை மதிப்பவன்.

சாப்பாடு முடிகிற நேரம். மியாகே சான் தனிச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, கேட்பதுபோல எங்களைப் பார்த்தார். "எறா வேணாம்னு ஞாபகம் பண்ணிடு மாப்ள" என்றார் பால்ராஜ். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் பார்த்துவிட்டார், இப்போது பூரணமாகக் குணம், உங்கள் அசல் முட்டையைச் சாப்பிட ஆசைப்படுகிறார், கேட்கத்தான் கூச்சம் என்றேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. மியாகே சானின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டியை வைத்துவிட்டுத் தலைகுனிந்து வணங்கினார். பால்ராஜும் பதிலுக்கு வணங்கினார். இரண்டு பேருக்கும் அத்தனை சந்தோஷம். அந்த நிமிடம் அங்கே நான் மிகவும் தேவைப்பட்டவனாக இருந்தேன்.

பால்ராஜ் முழுத் துண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

"சூப்பரா கீது மாப்ள" என்றார். கொஞ்ச நேரத்தில், "தொண்ட ஒரு மாரி கீது" என்றார். அப்புறம், "பையி, வண்டில" என்றார். என் தட்டில் என் முட்டை இன்னும் இருந்தது. கலைஞன் முன்னால் மீதி வைத்துவிட்டு எழுவது அவமானம். சாப்பிட்டு முடித்தேன், வாயைத் துடைத்துக்கொண்டேன், இறங்கினேன். ஓடவில்லை. அது ஓடுகிற மாதிரியான இடமில்லை.

கீழேயே மருந்துக்கடை இருந்ததே என்று கேட்டீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பது தவறு. நான் பையோடு திரும்பி வந்தபோது, மியாகே சானும் இரண்டு பொறியாளர்களும் அவரைப் படிக்கட்டில் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் பாடி மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

ஷாரனுக்கு இருந்தது அந்த ஒரு அண்ணன்தான். அது எனக்கு வருத்தம்தான், ஆனால் நான் இங்கே வந்ததற்குக் காரணம் அதுவல்ல. மியாகே சான் கடையை மூடிவிட்டார். அடக்கத்துக்கு வந்து என் மாமியார் சகாயம்மாளின் காலடியில் நெற்றி தரையில் படும்படி விழுந்து, தப்பு என் கையுடையது என்றார். பிறகு பாஸ்போர்ட்டையும் அந்தச் சட்டியையும் எடுத்துக்கொண்டு அவராகவே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார். நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன், ஒருவேளை அவர் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார் என்றுதான் நேற்று உங்களிடம் சொன்னேன். அவர் இனி கத்தியைத் தொடமாட்டேன் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு முட்டைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. அவர் பிழையாக எதையும் செய்யவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார். பால்ராஜைக் கொன்றது நான்.

கையெழுத்துப் போடும் முன் பதிவில் ஒரு திருத்தம் வேண்டும். இன்று காலை உங்கள் ஏட்டு என் புகைப்படத்தை மியாகே சானிடம் காட்டினாராம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர் பால்ராஜின் டிரைவர்தானே, பெயர் தெரியாது என்றாராம். மொழிபெயர்த்தது நிஷா. கெட்டிக்காரப் பெண்தான், ஆனால் அவளுடைய ஜப்பானியம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. அவள்தான் தப்பாகச் சொல்லியிருப்பாள்.