திரும்பிப் பாக்காதீங்க

அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம். முக்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டு, கூண்டுக்கு முதுகு காட்டி உக்காருங்க. நான் உங்களுக்கு எதிர்ல உக்காந்துக்கறேன். வந்தவங்கள இப்டி நடத்தறது மரியாதை இல்லதான், ஆனா இந்த நாய்க் காப்பகத்துல இதுதான் வழக்கம். நாய் பாக்க வந்தவங்க நாயப் பாக்கக் கூடாது. நாய்தான் அவங்களப் பாக்கணும். கூண்டுக் கதவு தொறந்துதான் இருக்கு. அவன் பாத்து முடிக்கற வரைக்கும் நீங்க திரும்பக் கூடாது. சம்மதம்னா பேசலாம். இல்லன்னா வெளி கேட்டும் தொறந்துதான் இருக்கு.

சரி. கொரல மட்டும் கொஞ்சம் தாழ்த்திப் பேசுங்க. அட, நீங்க தாழ்த்தித்தான் பேசறீங்க, எனக்குத்தான் ஒண்ணும் காதுல விழமாட்டேங்குது.

கையில என்ன, சாவியா? அத எதுக்குக் கைக்குட்டைல சுத்தறீங்க? சும்மாவா? சும்மா யாராவது வீட்டுச் சாவிக்குத் துணி போத்தி விடுவாங்களா? சரி சரி, பைக்குள்ள வைங்க. நான் கண்ணுல பட்டதக் கேட்டுடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, நீ மட்டும் போலீஸ்ல சேர்ந்திருந்தா திருடனுங்க எல்லாம் தொழில விட்டுட்டு ஓடியிருப்பானுங்கன்னு.

எனக்கு மொதல்ல ஒண்ணு புரியல. வர்ற வழியில குட்டிங்க எத்தன இருக்கு பாத்தீங்கல்ல? காலச் சுத்திச் சுத்தி வந்து விழுந்து பொரளுதுங்க. வர்றவங்க எல்லாம் அதுங்களத்தான் தூக்கி வெச்சுக் கொஞ்சுவாங்க. நீங்க ஒண்ணையும் ஏறெடுத்துப் பாக்கல. நேரா எங்கிட்ட வந்து, அந்தக் கறுப்பு நாய், கழுத்துல வெள்ளையா இருக்குமே, அதப் பாக்கணும்னு சொன்னீங்க.

போட்டோல பாத்தீங்களா? எந்தப் போட்டோல? நாங்க வெளிய விட்டது ஒரே போட்டோதான். அதுல அவன் வாலு மட்டும்தான் தெரியும். கேமராவக் கண்டதும் மேசைக்கு அடியில பூந்துக்கிட்டான். இங்க நாய்ங்களுக்கு வைத்தியம் பாக்கற டாக்டர் பொண்ணு தரையில குப்புறப் படுத்து எடுத்தா, அப்பவும் வாலுதான் கெடச்சுது. வாலப் பாத்து கழுத்துல வெள்ளை இருக்குன்னு எப்டிச் சொன்னீங்க?

யாரோ சொன்னாங்களா. யாரோன்னா? ம். சரி, விடுங்க.

அந்த வெள்ளைப் பட்டையாலதான் நாங்க அவன வக்கீல்னு கூப்பிடறோம். கறுப்புக் கோட்டு, கழுத்துல வெள்ளை, அச்சு அசல் வக்கீல்தான். ஆனா வாயத் தொறக்க மாட்டான். இவன நம்பி எவனாவது கேஸக் குடுத்தா நேரா ஜெயிலுக்குத்தான் போகணும். சிரிங்க, பரவால்ல. மெதுவாச் சிரிங்க. திரும்பாதீங்கன்னு சொன்னேன்ல!

நாய் வளத்த அனுபவம் இருக்குன்னு போன்ல சொன்னீங்களே, அந்த நாய் இப்ப எங்க? செத்துப் போச்சா? இல்லையா. அப்ப ஓடிப் போச்சா? அதுவும் இல்லையா. செத்தும் போகல, ஓடியும் போகல, ஆனா உங்ககிட்ட இல்ல. நல்லா இருக்கும்மா கதை.

கோவிச்சுக்காதீங்க. நான் ஏன் இப்டி நோண்டறேன்னு தெரியணும்ல. இவன ஏற்கெனவே ரெண்டு பேர் கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. மொதல்ல ஒரு ஜவுளிக் கடைக்காரன். பொறுமையாப் பாத்துக்குவேன்னு தேனாப் பேசினான். கொண்டு போய் குடோன் வாசல்ல சங்கிலியில போட்டிருக்கான். ஒரு வாரத்துல வந்து நிக்கறான், கொரைக்கவே மாட்டேங்குது, ஊமை நாயத் தலையில கட்டிட்டீங்கன்னு எங்கிட்ட சண்ட. காவலுக்கு ஆள் வேணும்னா சம்பளம் குடுத்து வெய்யிடா, பயந்து சாகற நாய்க்கே ஒரு காவல் வேணும்டான்னு விரட்டி விட்டேன்.

அடுத்தது ஒரு புருஷன் பொண்டாட்டி. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன், நல்ல மனுஷங்க. அன்பாலயே மாத்திடுவோம்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். கூட்டிட்டுப் போன அன்னிக்கு சாயங்காலமே சொந்தக்காரங்க அத்தன பேரையும் வீட்டுக்கு வரவெச்சுட்டாங்க, புது நாயப் பாருங்கன்னு. ஆளாளுக்குத் தலையில கை வெச்சிருக்காங்க. இவன் போய் வாஷிங் மெஷினுக்குப் பின்னால சொருகிக்கிட்டான். அங்கேர்ந்து இழுத்திருக்காங்க. மாமியார்காரி கையப் பதம் பாத்துட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க, அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டேதான் போச்சு.

அதுக்கப்பறம் இவன் சோத்தத் தொடல. செவுத்தப் பாத்துப் படுத்துட்டான். நான் பக்கத்துல போய் நானும் செவுத்தப் பாத்து உக்காந்துக்குவேன். ரெண்டு பேரும் செவுத்தையே பாத்துக்கிட்டு இருப்போம். வேலைக்காரங்க எல்லாம் எனக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. மெள்ள மெள்ளத்தான், செவுத்தப் பாத்தபடியே, என் கையால ஒரு வாய் தின்ன ஆரம்பிச்சான். இன்னொரு தடவ யாராவது கொண்டு போய்த் திருப்பி விட்டா இவன் பொழைக்க மாட்டான்னு டாக்டர் பொண்ணு அடிச்சுச் சொல்லிட்டா. அதனால நீங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் நான் கெட்டவளாத்தான் இருப்பேன்.

கைய ஏன் மடியில இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? தொங்கப் போடுங்க, அப்டியே, பக்கவாட்டுல. ஒண்ணுமில்ல, நீங்க எம்மொகத்தையே பாத்துக்கிட்டு இருங்க.

எப்டி வந்தானா? கேட்டுட்டீங்க, சொல்றேன். ஒரு நாள் காலைல கேட்டத் தொறக்க வர்றேன், கம்பியில கட்டிப் போட்டிருக்கு. நாய விட்டுட்டுப் போறவங்கள நான் நெறையப் பாத்திருக்கேன். ஓடற வண்டிலேர்ந்தே தள்ளி விடுவானுங்க, சாக்குல போட்டுக் கட்டிட்டுப் போவானுங்க. இது அப்டி இல்ல. கழுத்து இறுகாத மாதிரி முடிச்சு. வெயில் ஏறினா நெழல் விழற பக்கமாப் பாத்துக் கட்டியிருந்துது. படுத்துக்க ஒரு பழைய சால்வை, பக்கத்துல ஒரு எவர்சில்வர் கிண்ணத்துல தண்ணி. தண்ணி சிந்தாம இருக்கணும்னு கிண்ணத்தச் சுத்திக் கல்லு வேற அணை குடுத்திருந்துது.

அப்பவும் எனக்கு ஆத்திரம் அடங்கல. இவ்ளோ பாத்துப் பாத்துச் செய்யத் தெரிஞ்ச மகராசிக்கு வெச்சுக் காப்பாத்தத் தெரியலையான்னு, எவ பெத்த மகளோன்னு, வாய்க்கு வந்தபடி திட்டித் தீத்தேன். ஏன் தலையக் குனியறீங்க? உங்களையா சொல்றேன்?

அப்பறம்தான் ஒண்ணு கண்ணுல பட்டுது. டாக்டர் பொண்ணு ஸ்கூட்டர நிறுத்திட்டு சாவிக்கொத்த விரல்ல சுத்திக்கிட்டே உள்ள வந்தா. அந்தச் சத்தம் கேட்டதும் இவன் நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டான். நடுங்கினான் பாருங்க, பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. அன்னிலேர்ந்து இங்க யாரும் சாவிக்கொத்த வெளிய எடுக்கறதில்ல. எவனோ ஒருத்தன் சாவிய ஆட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்திருக்கான், வந்ததும் அடி விழுந்திருக்கு. அது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அடி இவனுக்கு மட்டும்தான் விழுந்துதான்னுதான் தெரியல.

சொல்லுங்க, உங்க வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க? நீங்க மட்டுமா? முன்னாடி அந்தச் சாவிக்காரனும் இருந்தானா? வாயால சொல்ல வேண்டாம், தலையாட்டினாப் போதும். ம். இப்ப இருக்கற எடம் அந்தாளுக்குத் தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தெரியுமா தெரியாதா? தெரிஞ்சவங்க வழியா வந்து நின்னா? கீழ் வீட்ல அண்ணன் இருக்காரா. எந்த அண்ணன், கூடப் பொறந்தவரா? அவரு தெம்பான ஆளா, இல்ல பேச்சுக்கு மட்டும் அண்ணனா? எதுத்து நிப்பாரா. சரி. பூட்டு மாத்தியாச்சா? சாவி உங்ககிட்ட மட்டும்தானா? அதுதான் அந்தக் கைக்குட்டைல இருக்கறதா.

பகல்ல என்ன வேல? வீட்லயே தையலா. மெஷின் சத்தத்துக்கு இவன் பயப்படுவானேன்னு யோசிக்கறேன். என்னது, பயப்பட மாட்டானா? மெஷின் அடியிலயே தூங்குவானா! பாத்தீங்களா, நான் கேக்காமயே எவ்ளோ தெரியுது உங்களுக்கு.

ஒண்ணும் சொல்ல வேண்டாம். அசையாம இருங்க.

நான் ஏன் இவ்ளோ நேரமா வளவளன்னு பேசிக்கிட்டே இருக்கேன்னு நெனச்சீங்க? எனக்கு உள்ள தலைக்கு மேல வேல கெடக்கு. நீங்க உக்காந்து மொதல் வார்த்த பேசினப்பவே அவன் செவுத்துப் பக்கத்துலேர்ந்து மொகத்தத் திருப்பிட்டான். நானே எத்தனையோ நாள் பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்குத் திருப்பாத மொகம். வாசப்படி வரைக்கும் வருவான், நீங்க கொஞ்சம் அசைஞ்சா உள்ள ஓடிடுவான், மறுபடி வருவான். அவன் வந்து சேர்ற வரைக்கும் உங்கள எந்திரிக்க விடாம உக்கார வெக்கணும்ல, அதுக்குத்தான் ஜவுளிக் கடைக்காரன் கதை, மாமியார் கதை எல்லாம். இப்ப உங்க செருப்ப மோந்துக்கிட்டு நிக்கறான். வாலு ஆடுதும்மா. இந்த வாலு ஆடும்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

அழக் கூடாது. தோள் குலுங்குச்சுன்னா பயந்துடுவான். அப்டியே மெதுவாக் கூப்பிடு. வக்கீல்னு கூப்பிடாத, அது நாங்க வெச்சது. நீ வெச்ச பேரச் சொல்லிக் கூப்பிடு.

நான் எந்த நேரத்துல வேணாலும் சொல்லாமக் கொள்ளாம வந்து கதவத் தட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன். உள்ள அலமாரில மேல் தட்டுல உன் கிண்ணம் இருக்கு. கழுவித்தான் வெச்சிருக்கேன், போறப்ப மறக்காம எடுத்துக்கிட்டுப் போ.