தொரை கழுத்தும் சன்னாசி கத்தியும்

வெள்ளக்காரன் போறதா வேணாமான்னு இழுத்துக்கிட்டுக் கெடந்த காலமாம். இந்த மலைமேல, நம்ம கருமுட்டி எஸ்டேட்டுல, சன்னாசின்னு ஒருத்தர் இருந்தாராம். சவரத் தொழிலு. தெனம் காலையில பங்களாவுக்குப் போயி தொரைக்குத் தாடி வழிக்கணும்.

அந்தத் தொரை இருக்காரே, அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி! கீழ ஊருல கொடி ஏத்துனாங்கன்னு பேப்பருல வந்தா, மேல இவரு ரெண்டு தாழ்ப்பா போடுவாராம். "கறுப்பனுங்க ஒண்ணு சேந்து நம்மளக் கொல்லப் போறானுங்க." எப்பப் பாரு இதே பேச்சாம்.

ஆயுத பூசை வந்துச்சு. தேயிலச் செடி வெட்டுற கவாத்துக் கத்தி அத்தனையும் தீட்டி, மாரியம்மன் கோயில் முன்னால வரிசையா வெச்சு, குங்குமம் பூசுனாங்க. வருசா வருசம் செய்யிறதுதான? குதிரையில வந்த தொரை பாத்தாரு. பளபளன்னு கத்தி, மேல செவப்பு. ரத்தமின்னே நெனச்சுட்டாராம்! போலீசக் கூப்பிட்டு, பதினோரு பேரக் கிடங்குல போட்டுப் பூட்டியாச்சு. மறுநாள் ஜெயிலுக்கு லாரி. அதுல ஒருத்தன் சடையன், சன்னாசிக்கு ஒத்த மகன்.

சன்னாசி கிளார்க்குகிட்ட சொன்னாரு, "அது குங்குமமய்யா!" போலீசுகிட்ட சொன்னாரு, "அது குங்குமமய்யா!" ஒருத்தன் காதுலயும் ஏறல. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்.

மறுநாள் காலையில தொரை நாக்காலியில சாஞ்சு, கழுத்த நீட்டி, கண்ண மூடிக்கிட்டாராம். ஒரு கன்னம் வழிச்சாச்சு. சன்னாசி கத்திய அவரு கண்ணு முன்னால காட்டுனாரு. பிடியில செவப்பு ஒட்டியிருந்துச்சு.

"தொரை, இந்தக் கத்தியும் நேத்து அந்த வரிசையிலதான் இருந்துச்சு."

தொரை முகம் வெளிறிப் போச்சாம்.

"பதிமூணு வருசமா இந்தக் கழுத்துல கத்தி வெக்கிறேன். ஒரு கீறல் உண்டா? எங்கள நம்பிக் கண்ண மூடுறீங்க, கொறட்டைகூட விடுறீங்க. எந்திரிச்ச ஒடனே எங்களப் பாத்தே நடுங்குறீங்க. என்ன எழவு பயம் தொரை இது? பயமாருந்தா மீதிய நீங்களே வழிச்சுக்கங்க!"

கத்திய மடக்கித் தொரை கையிலயே குடுத்துட்டாரு. தொரை வழிச்சுப் பாத்தாராம். மொத இழுப்புலயே தாடையில ரத்தம். அந்த ரத்தத்தையும் தொட்டுப் பாத்தாராம், பிடியில இருந்த செவப்பையும் தொட்டுப் பாத்தாராம். அப்புறந்தான் கிளார்க்கக் கூப்பிட்டாராம். பதினோரு பேரும் வெளிய வந்த பெறகுதான் சன்னாசி மறு கன்னத்த வழிச்சாராம்.

சுதந்திரம் வந்துச்சு, தொரை போனாரு. நம்ம ஆளு, நம்ம நெறம், மேனேஜரா வந்தாரு. வந்ததும் என்ன கேட்டாரு தெரியுமா? "இந்தக் கத்தியெல்லாம் எங்க வெச்சிருக்கானுங்க? பூட்டி வைங்க!" சன்னாசி தலையில அடிச்சுக்கிட்டாராம்.

அன்னிக்கு அவரு ஆரம்பிச்சு வெச்ச வழக்கந்தான் இது. எந்த மேனேஜரா இருந்தாலும் சரி, ஆயுத பூசையன்னிக்கு அந்தக் கத்தி வரிசைக்கு முன்னால உக்காந்து சவரம் பண்ணிக்கணும். கண்ண மூடிக்கிட்டுத்தான். பாதியில தொறந்து பாத்தாருன்னா, மறு கன்னம் மறுநாளுதான்.