கெட்டிமேளத்துக்குப் பின் பன்னிரண்டு நிமிடம்

வல்லக்கோட்டைப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, என்போன்ற பொடிப்பெண்ணிடமும் மைக்கை நம்பிக் கொடுத்திருக்கும் பெருமதிப்பிற்குரிய கன்னியப்பன் ஐயா அவர்களே! திரை கட்டி, படப்பெட்டியோடு காத்திருக்கும் அண்ணன் நடேசன் அவர்களே! முன்வரிசையைப் பாய் போட்டுப் பிடித்துவிட்ட பெரியோர்களே! என்னைப் பெற்றவளும், பெறாமலே வளர்த்தவர்களுமாய் வலப்பக்கம் வீற்றிருக்கும் தாய்மார்களே! எழிலரசியின் எளிய வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் இந்த வெண்திரையில் ஓடப்போவது எது? நம் ஊர் நெஞ்சில் நிறுத்திய செங்கமலம் படம்! செங்கமலம் என்னும் சிறுமி, பாவாடையிலிருந்து தாவணிக்கு வளர்கிற கதை. படத்துக்கு வயது முப்பத்திரண்டு, எனக்குப் பதினாறு. பாதி வயதுக்காரி பார்த்த பார்வையைப் பகரத்தான் வந்தேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? முதல் அரை மணி நேரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது! பதின்மூன்று வயதுச் செங்கமலமாக வரும் அம்மையாருக்கு என் அத்தை வயது. பென்சில் தொலைந்தாலும் ஒரு பாட்டு, பெரியவளானாலும் ஒரு பாட்டு! யார் அங்கே முறைப்பது? பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது மாமா, உட்காருங்கள். ஆனால், படித்தது போதும் என்று அவள் புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கி எறிகிறார்களே, அங்கே என் சிரிப்பு செத்தது.

ஏன் தெரியுமா? நான் பத்தாம் வகுப்பு தேறியதும், என் அம்மா மரகதம் என் மாற்றுச் சான்றிதழைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். மேலே படிக்க வேண்டும் என்று கெஞ்சினேன். என்ன சொன்னாள்? "அந்தச் செங்கமலமே கடசீல தாலி கட்டிக்கினு தானே போனா? நீ இன்னா அவள வுட ஒசத்தியா?"

இந்தத் தீர்ப்பு பிறந்த இடம் டூரிங் கொட்டகை! அங்கே நம்மவர்க்கு ஒரு வழக்கம் இருந்தது. திரையில் கெட்டிமேளம் கொட்டினால் படம் முடிந்தது! மணலைத் தட்டு, பிள்ளையைத் தூக்கு, கூட்டத்துக்கு முன்னே வாசலைப் பிடி! கொட்டகை காலியானதும் ஆபரேட்டரும் புரொஜெக்டரை நிறுத்திவிடுவார். எத்தனை முறை பார்த்தீர்கள் தாய்மார்களே? பத்து முறையா? பத்து முறையும் கெட்டிமேளத்தோடு எழுந்தீர்களே!

சென்ற ஞாயிறு மாலை, ஊராட்சி டி.வி.யில் அதே படம் வந்தது, நான் முதன்முதலாகப் பார்த்ததே அன்றுதான். கெட்டிமேளம் கேட்டது. முண்டியடிக்கக் கூட்டமில்லை, ஆனாலும் இந்தத் தொண்ணூற்றொன்றிலும் பழக்கம் விடவில்லை, எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. "அம்மா, இன்னும் ஓடுதும்மா!" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துவிட்ட அம்மா திரும்பினாள்.

என்ன பார்த்தோம்? மணப்பெண்ணின் முகத்தை மறைத்த பூச்சரம் விலகியது, மணமேடையில் இருந்தவள் செங்கமலமே அல்ல! அவள் அக்காள்! செங்கமலம் எங்கே? பரண்மேல் ஏறுகிறாள். பையை எடுக்கிறாள். பந்தி நடக்கும் பந்தலைக் கடந்து, பரீட்சைக்கு நடக்கிறாள்! தேறுகிறாள், மேலே படிக்கப் பெட்டியோடு ரயில் ஏறுகிறாள்! முப்பது ஆண்டுகளாக இந்த ஊர் பார்க்காத பன்னிரண்டு நிமிடம்!

செருப்பும் கையுமாக அம்மா முழுவதையும் பார்த்தாள், பிறகு வீட்டுக்கு நடந்தாள். ஒரு வாரமாகப் பெட்டி பூட்டியே கிடக்கிறது. நாளை, பதினொன்றாம் வகுப்பில் சேரக் கடைசி நாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் கேட்கத் துணிவில்லாமல் அவையறியக் கேட்கிறேன்: அம்மா, பெட்டியைத் திறப்பாயா?

எழுந்து வருகிறாளே! வழிவிடுங்கள், வழிவிடுங்கள்.

தாய்மார்களே, அவள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டதா? நானே சொல்கிறேன்: "இன்னாத்துக்குடி மைக்குல கேக்கற? அது பெட்டில இல்ல. நேத்தே எடுத்துட்டேன், இதோ மடியில கீது. காத்தால மொத பஸ்ஸுக்குக் கெளம்பு!"

தட்டுங்கள் கையை! எனக்கல்ல, பாதியில் எழுந்து போகாத என் தாய்க்குத் தட்டுங்கள்!

நடேசன் அண்ணா, விளக்கை அணையுங்கள். கெட்டிமேளம் கேட்கும். கால்கள் தாமாகவே எழும். எழாதீர்கள்! பெண்ணைப் பெற்ற ஒருவரும் எழாதீர்கள்! இடம் தந்த தலைவருக்கும், இருந்து கேட்ட ஊருக்கும் என் நன்றி. நாளை முதல் பஸ் ஏறப்போகிறவளின் வணக்கம்!