விழா நாயகி ஸ்டோர் ரூமில் இருக்கிறார்

— மேடம், தப்பா நினைக்காதீங்க, நீங்க இந்த அடுப்படிக்குள்ள வரவே கூடாது. இன்னிக்கு விழாவே உங்களுக்குத்தான்.

— எனக்குத்தான் விழான்னு எனக்குத் தெரியாது, மாஸ்டர். அதை ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசுங்க. அந்த மூடியைத் தூக்குங்க, பார்ப்போம்.

— தெரியாதவங்க பின்வாசல் வழியா வந்து எதுக்கு மேடம் மூடியைத் தூக்கச் சொல்றீங்க?

— இருபத்தாறு வருஷம் இந்த ஹாலுக்கு மேனேஜரா இருந்தவ நான். ரிட்டயர் ஆனப்ப பின்வாசல் சாவியைக் கேட்க அவங்க மறந்துட்டாங்க, கொடுக்க நான் மறந்துட்டேன். ம்... கோழி பதமாத்தான் வெந்திருக்கு. எத்தனை பேருக்கு?

— உங்க மகன் நூறு பேருன்னாரு. உங்க மக, டாக்டரம்மா, அறுபதுன்னாங்க. நான் முழிச்சுக்கிட்டு நின்னேன். முந்தாநாள் உங்க மகனே மறுபடி போன் பண்ணி நூத்தி இருபதுன்னு முடிச்சுட்டாரு.

— அது நான்.

— என்னது?

— முந்தாநாள் பேசினது நான். குரலைத் தடிமனாக்கி, "ஆங்... மாஸ்டர்... தொண்டை கட்டியிருக்கு"ன்னு சொல்லலையா?

— அடக் கடவுளே! பால்ல மிளகுத்தூள் போட்டுக் குடிங்க தம்பின்னு நான் வேற வைத்தியம் சொன்னேனே!

— போட்டுக் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

— எதுக்கு மேடம் இந்தக் கூத்து? பிள்ளைங்க உங்களை அசத்தணும்னு ரகசியமா பிறந்தநாள் விருந்து வைக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா கண்ணுங்களான்னு சொல்லிட்டு, நேரா வந்து நின்னு அதிகாரம் பண்ண வேண்டியதுதானே?

— சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பெரியவன் சின்னவளைப் பார்த்து "நீதான் உளறிட்டே"ம்பான். அவ "உன் ஓட்டை வாய்தான்"ம்பா. மறுபடியும் ஆரம்பிச்சிடும். நாலு வருஷமா அந்த ரெண்டும் முகம் கொடுத்துப் பேசினதில்லை, மாஸ்டர். உங்களுக்குத் தெரியாததா? சின்னவ கல்யாணத்துக்கு நீங்கதானே சமைச்சீங்க.

— அந்த மைக் சண்டையை மறக்க முடியுமா!

— எந்த மடையன் அவன் கையில மைக்கைக் கொடுத்தானோ. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்காங்க. "என் தங்கச்சி ஏழாவது படிக்கிற வரைக்கும் படுக்கையை நனைப்பா, மாப்பிள்ளை ஜாக்கிரதை"ங்கிறான். கேட்டா பாசமாம்!

— டாக்டரம்மா மட்டும் சும்மா விட்டாங்களா? மேடையிலிருந்து இறங்கி வந்த வேகத்துல, அண்ணன் தலையில இருந்த விக்கைப் புடுங்கி வீசினாங்களே.

— அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு முதல் வரிசையில. பாவம், அந்தப் பொண்ணு அப்பத்தான் அவன் வழுக்கையையே பார்க்குது. எழுந்து போனவதான், திரும்பி வரல.

— மேடம், தப்பா நினைக்காதீங்க, ஒரு விஷயம். அந்த விக் வந்து விழுந்தது என் சூப் அண்டாவுல.

— என்ன சொல்றீங்க! அந்த சூப்பை நான் குடிச்சேனே!

— எல்லாருமேதான் குடிச்சாங்க. உங்க சம்பந்தியம்மா இன்னொரு கப் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.

— சரி, அந்த அம்மாவுக்கு அதுவும் வேணும். இப்ப கேளுங்க. நாலு வருஷம் கழிச்சு, இந்த மூணு மாசமாத்தான் ரெண்டும் ஏதோ முனகிக்குதுங்க. சேர்ந்து செய்யுற முதல் காரியம் இந்த விருந்துதான். இது சொதப்பிச்சுன்னு வைங்க, உன்னாலதான் உன்னாலதான்னு முட்டிக்கிட்டு, அவன் ஒரு திக்கு, இவ ஒரு திக்குன்னு போயிடுவாங்க. எனக்கு கேக்கும் வேணாம், பரிசும் வேணாம். ரெண்டும் ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிடணும். அதை நான் பார்க்கணும். அவ்வளவுதான்.

— அதுக்குத்தான் திருட்டுத்தனமா மேற்பார்வையா?

— பின்னே? இதுங்க போட்ட திட்டத்தைப் பார்த்தீங்கன்னா வயித்தெரிச்சல். நூத்திச் சொச்சம் பேரைக் கூப்பிட்டிருக்குதுங்க, நாற்காலி சொல்லல. ஒருத்தரும் சொல்லல! நிக்க வச்சு அனுப்புறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டா? நான்தான் நாற்காலிக்காரனுக்குப் போன் போட்டேன்.

— மகன் குரல்லயா?

— மக குரல்ல. அது சுலபம், மூச்சு விடாம பேசினாப் போதும். அப்புறம் கேக். அவன் ஒரு கேக், இவ ஒரு கேக், ரெண்டு பேரும் தனித்தனியா சொல்லி வச்சிருக்காங்க. ரெண்டையும் மேஜையில வச்சா எதை முதல்ல வெட்டுறதுன்னே ஒரு போர் நடக்கும். ஒண்ணை ரத்து பண்ணிட்டேன். இப்ப வந்து பார்த்தா, ஐஸ்க்ரீம் பெட்டிக்குக் கரண்டே கொடுக்கல! பிளக் தரையில கிடக்குது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா எல்லாருக்கும் ஸ்ட்ரா கொடுத்திருக்கணும்.

— நீங்க பிளக்கைச் சொருகிட்டீங்களா?

— வந்ததும் முதல் வேலையா. ஏன், நீங்க என்ன சிரிக்கிறீங்க?

— சிரிக்கல மேடம். வெங்காயம். ஆமா, உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேனே?

— உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டுக்குப் போய் சோபாவுல படுத்தேன். சோபா விடல. அவ்வளவுதான்... ஐயையோ, போன் அடிக்குது. சின்னவ. யாரும் மூச்சு விடாதீங்க. அடுப்பைக் குறைங்க! ஹலோ... சொல்லும்மா...

— அம்மா, எங்க இருக்கே?

— எங்க இருப்பேன்... சோபாவுலதான்... படுத்திருக்கேன்...

— அது என்ன சத்தம், டங்கு டங்குன்னு?

— டிவில சமையல் நிகழ்ச்சி.

— ஓ. இங்க பாரும்மா, ஏழு மணிக்கு ரெடியா இரு, அண்ணன் வந்து கூட்டிட்டு வருவான், கண் டாக்டர்கிட்ட போறோம், நல்ல துணியா உடுத்திக்கோ, தலையை வாரிக்கோ, அந்தக் கல் வச்ச கம்மலைப் போட்டுக்கோ, கொஞ்சம் சென்ட் கூட அடிச்சுக்கலாம்.

— கண் டாக்டருக்கு எதுக்குடி சென்ட்?

— அவருக்கு... அவருக்கு மூக்கு ரொம்ப ஷார்ப்பும்மா. வச்சிடறேன், வேலை இருக்கு!

— பார்த்தீங்களா மாஸ்டர்? இது பல் டாக்டராம். இதை நம்பி ஊரே வாயைத் திறக்குது.

— மேடம்.

— ஞாயித்துக்கிழமை எந்தக் கண் டாக்டர்டீ கடை திறந்து வச்சிருப்பான்? பொய் சொல்லவும் ஒரு வக்கு வேணாமா?

— மேடம், மேடம்! ஜன்னல் பக்கம் பாருங்க. வண்டியை நிறுத்திட்டு வர்றது டாக்டரம்மா இல்லை?

— செத்தேன். அந்தக் கதவு எது, ஸ்டோர் ரூமா? நான் உள்ளே போறேன். நான் இங்க வரல, நீங்க என்னைப் பார்க்கல. வாய் தவறி ஏதாவது உளறினீங்க, உங்க கரண்டியாலயே உங்களை...

— போங்க மேடம், போங்க! மிளகாய் மூட்டை மேல மட்டும் உட்கார்ந்துடாதீங்க... வாங்க, வாங்க டாக்டரம்மா! என்ன இவ்வளவு சீக்கிரமா?

— மாஸ்டர்! வந்தாங்களா?

— யாரு?

— என்ன யாரு? அம்மாதான்! வந்தாங்களா இல்லையா, சொல்லுங்க!

— அம்மா... வீட்டுல சோபாவுல படுத்திருப்பாங்க. நீங்க முதல்ல முன்பக்கம் போய் அலங்காரத்தைப் பாருங்களேன்.

— எந்த சோபா? பக்கத்து வீட்டு அக்கா மூணு மணிக்கே போன் பண்ணிட்டாங்க, "உங்க அம்மா தலை வாரிக்கிட்டு ஆட்டோவுல ஏறிப் போறாங்க"ன்னு. தலை வாரிக்கிட்டு, மாஸ்டர்! எனக்கு அழுகையே வந்துருச்சு. சரி, சொல்லுங்க, எதையெல்லாம் கண்டுபிடிச்சாங்க?

— டாக்டரம்மா, அதை அப்புறம் பேசலாமே. இப்ப எனக்கு இருமல்... கொஹ்... கொஹ்...

— நாற்காலி வந்து இறங்கியிருக்கு, பார்த்தேன். நாற்காலி சொல்லாம விட்டது என் ஐடியா. நாற்காலி இல்லைன்னா அம்மாவால தாங்கவே முடியாதுன்னு சொன்னேன், அண்ணன்தான் நம்பல. ரெண்டு கேக் அவன் ஐடியா. அதுவும் வேலை செஞ்சிருச்சு, பேக்கரியில கேட்டேன். ஐஸ்க்ரீம் என்னாச்சு? பிளக்கைப் பிடுங்கிப் போட்டுட்டுப் போனேனே, அதைக் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு அண்ணன்கிட்ட பந்தயம் கட்டியிருக்கேன்.

— கொஹ்! கொஹ்! டாக்டரம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன், போங்க!

— தண்ணி குடிங்க மாஸ்டர். ஏன் கண்ணை இப்படிச் சிமிட்டுறீங்க? ஏன் அந்தக் கதவையே பார்க்குறீங்க? உள்ளே என்ன சத்தம்?

— எலி.

— எலி தும்முமா?

— இந்த ஹால் எலி தும்மும்.

— ஹச்! ஹச்ச்! தள்ளுங்க மாஸ்டர்! மிளகாய் மூட்டைக்குப் பக்கத்துல நின்னு இதையெல்லாம் கேட்கணும்னு என் தலையெழுத்து!

— அம்மா!

— அம்மாதான்டி. பிளக்கைப் பிடுங்கினது நீயா? வேணும்னேவா?

— அம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு...

— கண் டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன், ஏழு மணிக்கு! பதில் சொல்லு. விருந்துன்னா உங்களுக்கு விளையாட்டா? நூத்தி இருபது பேர், அவங்கவங்க வேலையை விட்டுட்டு, துணிமணி உடுத்திக்கிட்டு வர்றாங்க. வர்றவங்களை நிக்க வைப்பீங்களா? மாஸ்டர், இதுல நீங்களும் கூட்டா?

— தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க வந்தா தடுக்கக் கூடாதுன்னு மட்டும்தான் சொல்லியிருந்தாங்க. அந்தப் பிளக்கைப் பார்த்து எனக்கே கை துறுதுறுன்னுச்சு, சொருகலை.

— இருபத்தாறு வருஷப் பழக்கம்! எனக்கே துரோகமா!

— அவரை ஏம்மா திட்டுறே, என்னைத் திட்டு. எல்லாம் உன்னாலதான்.

— என்னாலயா?

— ஆமா! நீ கிடந்த கிடப்பு அப்படி! வேலையை விட்டுட்டு வந்து படுத்தவ எழுந்திரிக்கவே இல்லை. டிவியைப் போடாமலேயே டிவியைப் பார்த்துக்கிட்டு இருக்கே. சாப்பிடறியான்னா உம். குளிச்சியான்னா உம். கல்யாண வீட்டுல முந்நூறு பேரை ஒரு அதட்டுல உட்கார வைக்குற அம்மா, எனக்கு "உம்"முன்னு பதில் சொல்றாங்க. எங்களுக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா? அப்பா போன மாதிரி நீயும் கொஞ்சம் கொஞ்சமா போறியோன்னு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்.

— அதுக்கு ஒரு நல்ல விருந்து வைக்க வேண்டியதுதானே? ஏன்டி இப்படி ஒரு நாறின விருந்து?

— நல்ல விருந்து வச்சா நீ வந்து உட்கார்ந்து, "உம்"முன்னு சொல்லி, கேக்கைத் தின்னுட்டு, திரும்பப் போய் படுத்துக்குவே! உன்னைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? பசி எழுப்பாது, பாசம் எழுப்பாது. யாராவது ஒரு விருந்தைக் கண் முன்னாடி நாசம் பண்ணினாத்தான் உனக்கு ரத்தம் கொதிக்கும். அதான் பண்ணினோம். உன் காதுல விழுற மாதிரி பேசிப் பேசியே பண்ணினோம். ஒவ்வொரு சொதப்பலுக்கும் எவ்வளவு யோசிச்சோம் தெரியுமா!

— மேடம், இது நியாயம்தான் மேடம். இன்னிக்கு நீங்க மூடியைத் தூக்கச் சொன்ன சத்தத்துல எனக்கே பழைய உதறல் எடுத்துருச்சு.

— நீங்க கோழியைக் கிண்டுங்க மாஸ்டர், அடி பிடிக்குது. ஏன்டி, சர்ரு சர்ருன்னு மூக்கை உறிஞ்சாதே. சமையல்கட்டு. "யோசிச்சோம்"னா யாரு யாரு?

— நானும் அண்ணனும்தான். வேற யாரு?

— பேசிக்கிட்டீங்களா? முகம் பார்த்து?

— பேசாம எப்படிம்மா? நீ படுத்த மறு வாரமே போன் பண்ணிட்டேன். முதல்ல வெறும் "அம்மா சாப்பிட்டாங்களா"தான். அப்புறம் தினமும் சாயங்காலம் அவன் நம்ம வீட்டுக்கு வருவான், நானும் கிளினிக்கை மூடிட்டு வருவேன். நீ தூங்கினதும் அடுப்படியில நின்னு பேசிக்குவோம். இப்ப அவன் விக் வைக்குறதில்லை, தெரியுமா? நான்தான் சொன்னேன், வழுக்கைதான்டா உனக்கு அழகுன்னு. சொன்னா நம்ப மாட்டே, அந்தப் பொண்ணு வீட்டுக்கே போய் நான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். அவளுக்கு இப்ப ரெண்டு பிள்ளை, அது வேற விஷயம். ஏம்மா சிரிக்கிறே? திட்டுவேன்னு பார்த்தா சிரிக்கிறே?

— நான் தூங்கல.

— என்னது?

— முதல்ல கொஞ்ச நாள் நெசமாத்தான்டி படுத்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம், போதும் எழுந்திரிப்போம்னு சோபாவுல இருந்து காலைக் கீழே வச்சேன். அடுப்படியில அவன் உன்னை "ஏ, சனியனே"ங்கிறான், நீ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறே. அப்படியே சத்தம் போடாம காலைத் தூக்கி மறுபடியும் சோபா மேல வச்சுக்கிட்டேன்.